தறிக்குழியில் கிடந்த கண்ணாடி

புத்தகத்தின் வாசனையைப் பற்றி இனிமேல் யாரும் என்னிடம் பேச வேண்டாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. காலையில் பள்ளி மைதானத்தை ஆறு சுற்று சுற்றிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்காருகிறோம். உட்கார்ந்ததும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவோம், அது நியாயம். இப்போது இரண்டு மாதமாக அதையும் விட்டுவிட்டு மின்வாசிப்பானைப் பற்றிச் சண்டை போடுகிறோம். பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்றவர் தன்னுடையதைப் பையிலிருந்து எடுத்து, பிறந்த குழந்தையைக் காட்டுவது போல் எல்லோருக்கும் காட்டி, "ஆயிரம் பொஸ்தகம் இதுக்குள்ள இருக்குதுங்க" என்கிறார். தமிழாசிரியராக இருந்தவர் உடனே, "இருக்கட்டுங்க, அதை மோந்து பாத்தா என்ன வருது?" என்கிறார். டீ ஆறிப்போகிறது. சண்டை ஆறுவதில்லை.

இதில் என் வீட்டுக்காரர் தமிழாசிரியரின் கட்சியில் சேர்ந்துகொண்டதுதான் வேடிக்கை. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் மீட்டர் எண்களை மட்டும் படித்த மனிதர். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவராகப் போய் ஒரு புத்தகம் வாங்கி நான் பார்த்ததில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, "பக்கத்தைத் திருப்புற சொகம் வருமாங்க?" என்று கேட்டபோது நான் டீயைத் துப்பாமல் விழுங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை என்று பெஞ்சில் உட்காருகிற உங்களுக்கெல்லாம் என்மேல் வருத்தம். எனக்கு அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் யாருமே அந்தக் கருவியைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுதுகிறேன். பெஞ்சில் வைத்துச் சொன்னால் பாதியில் யாராவது சர்க்கரை அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். கடைசியில் என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் வரும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள் இருந்தன. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, உள்ளே இருக்கும் மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதித்து வேட்டி நெய்வார்கள். ஒரு தறியில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. நெய்கிறவனைத் தவிர வேறு யாரும் தறிக்குழிக்குள் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதே குழியின் விளிம்பில்தான். பெண்கள் கையிலிருந்து ஏதாவது உள்ளே விழுந்துவிட்டால்கூட இறங்கி எடுக்க மாட்டார்கள். அப்பா வந்து எடுத்துக் கொடுக்கும்வரை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பாவுக்கு அக்கா ஒருத்தி எங்களோடு இருந்தாள். எனக்கு அத்தை. கட்டிக் கொடுத்த இடத்தில் ஒத்துப்போகாமல், நான் பிறப்பதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டவள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரு தகரப் பெட்டியும் அவளுடைய குரலும்தான். நல்ல கனத்த குரல். ஐந்தாவது வரைக்கும் படித்திருந்தாள். எங்கள் வரிசையில் இருந்த ஐந்து வீட்டுப் பெண்களில் தடையில்லாமல் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தறிகள் ஒன்றரை மணி நேரம் நிற்கும். ஆண்கள் தூங்குவார்கள், இல்லையென்றால் நெசவாளர் கூட்டுறவு சொசைட்டிப் பக்கம் போவார்கள். அந்த நேரத்தில் ஐந்து வீட்டுப் பெண்களும் ராட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருவார்கள். மறுநாள் நெசவுக்கு வேண்டிய நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்ற வேண்டும். தார் சுற்றுவது என்போம். எல்லோரும் சுற்றுவார்கள், அத்தை மட்டும் சுற்ற மாட்டாள். அவள் நடுவில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதை படிப்பாள். அவள் சுற்ற வேண்டிய நூலை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். படிக்கிறவளுக்கு ராட்டை கிடையாது. யார் எப்போது வைத்த ஏற்பாடு என்று தெரியாது, நான் பார்க்கும்போதே அப்படித்தான் இருந்தது.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிற அக்கா, தண்டச்சோறு என்று பெயர் வாங்காமல் தலை நிமிர்ந்து சாப்பிட்டது அந்தப் படிப்பினால்தான். அவள் படித்தாள், இரண்டு தறிக்கும் தார் வந்தது. அவள் படிப்பு நின்றால் அவள் அந்த வீட்டில் யார் என்கிற கேள்வி வந்துவிடும். அப்பா கேட்க மாட்டார். அம்மா கேட்பாள்.

அப்புறம் அந்தப் பத்திரிகையின் வாசனை. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியும் விளக்கெண்ணெயும் கலந்து ஒரு புளித்த வாடை அடிக்கும். தமிழாசிரியர் மன்னிக்க வேண்டும்.

அந்தக் கோடையில் அத்தைக்கு வெள்ளெழுத்து வந்தது. நாற்பதைத் தாண்டினால் நம் எல்லோருக்கும் வந்ததுதான். முதலில் பத்திரிகையைக் கையை நீட்டிப் பிடித்தாள். பிறகு, வெளிச்சம் போதவில்லை என்று வாசல் நடைக்கு அருகில் இடம் மாறினாள். பிறகு கைக்கு நீளம் போதவில்லை. ஒரு நாள் காலையில் என்னைக் கொல்லைப்புறம் விறகு அடுக்கியிருந்த சார்ப்புக்குக் கூட்டிப் போனாள். மடியிலிருந்து பத்திரிகையை எடுத்தாள்.

"அம்மிணி, இதைக் கொஞ்சம் சத்தமாப் படி சாமி. நீ எப்படிப் படிக்கறேன்னு பாக்கோணும்."

நான் படித்தேன். பரீட்சை என்று நினைத்துச் சுத்தமாகப் படித்தேன். முடிந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அன்றைக்கு மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து, பத்திரிகையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நான் காலையில் படித்ததை ஒரு வரி பிசகாமல் சொன்னாள். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

அதன் பிறகு அது தினப்படி வேலையாகிவிட்டது. காலையில் நான் இரண்டு தடவை படிப்பேன், மத்தியானம் அத்தை "படிப்பாள்". பக்கம் எங்கே முடிகிறது என்பது அவளுக்குத் தெரியாது. அதனால் நான் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமுவேன். "இந்தப் புள்ளைக்குச் சளி உடவே மாட்டீங்குது" என்று அம்மா எனக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். மூன்று வாரம் அந்தக் கசப்பைக் குடித்தேன். சந்தோஷமாகக் குடித்தேன்.

அத்தை எனக்குக் கூலியாக நூல் கட்டின் மேல் ஒட்டி வரும் லேபிள்களைக் கொடுப்பாள். மில்லிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டிலும் ஒரு படம் இருக்கும். கிளி, இரட்டை யானை, தாமரையில் நிற்கிற அம்மன். பளபளப்பான தாள். தண்ணீர் தொட்டுக் கிழியாமல் உரித்துத் தருவாள். இப்போது அப்படிப்பட்ட லேபிள் எங்கேயாவது இருக்கிறதா என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய கூலி, அந்தக் கூடத்தில் ஆறு பெண்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது, இந்தக் கதை என் வழியாகத்தான் வருகிறது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்ததுதான். பத்து வயதுப் பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்த பிறகு அத்தையின் படிப்பு இன்னும் நன்றாக இருந்தது. எழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாததால் அவள் ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துச் சொன்னாள். மாமியார் பேசுகிற இடம் வந்தால் என் அம்மாவைப் பார்ப்பாள். காதல் வந்தால் பக்கத்து வீட்டுப் புது மருமகளைப் பார்ப்பாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ராட்டையை வேகமாகச் சுற்றும். நூல் அறுந்துபோகும். எல்லோரும் சிரிப்பார்கள்.

வாரச் சந்தைக்கு ஒரு கண்ணாடிக்காரர் வந்தார். மரத்தட்டில் மூக்குக் கண்ணாடிகளை அடுக்கி வைத்திருப்பார். ஒரு பழைய பஞ்சாங்கத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு, எழுத்து தெரியும்வரை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கச் சொல்வார். அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நான்காவதோ ஐந்தாவதோ மாட்டியதும் அவள் பஞ்சாங்கத்தாளைப் பார்க்கவில்லை. தன் சேலை முந்தியைத் தூக்கி வைத்து இழை எண்ணினாள்.

"இழை தெரியுதுங்க," என்றாள் அவரிடம். "ஒவ்வொரு இழையும் தனித்தனியாத் தெரியுதுங்க."

பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உனக்கு மூக்கோரத்துல மச்சம் இருக்குதா சாமி? இத்தன நாளு எனக்குத் தெரியாமப் போச்சே!"

அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்தப் பெரிய மனுஷியின் முகத்திலும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்தாள். கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, சுவரில் எழுதியிருந்த கட்சி வாசகம், கடலை மடித்த தாள். பேங்க்காரர் அந்தக் கருவியைத் தடவிக்கொண்டே பேசும்போது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் அவரை நான் கிண்டல் செய்வதில்லை. கவனித்திருப்பீர்கள்.

வீட்டில் யாருக்கும் அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. "பெரிய டீச்சரம்மாவாட்டம்" என்று சித்தப்பா சிரித்தார். கண்ணாடி போட்டால் கண் உள்ளே போய்விடும் என்று ஒருத்தி சொன்னாள். அம்மா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி வந்த பிறகு அத்தை மத்தியானம் மட்டும் படிக்கவில்லை. காலையில் பல் விளக்கிவிட்டுப் படித்தாள், அடுப்புப் பக்கம் உட்கார்ந்து படித்தாள். சத்தம் போடாமல் படித்தாள். அதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"வாயத் தொறக்காம என்னத்த அண்ணி படிக்கறீங்க?"

"சும்மா ஒரு கதைதான்."

"சொன்னா நாங்களும் கேப்பமில்லீங்க?"

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இத்தனை வருஷமாக அத்தையின் பங்குத் தாரைச் சுற்றியதில் பெரும்பங்கு அவளுடையது. பத்திரிகையில் இருக்கிற எல்லாமே சத்தமாகக் கூடத்துக்கு வந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது ஒருத்தி உட்கார்ந்து, தனக்குள்ளேயே ஏதோ சிரித்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்புகிறாள். அதில் என்ன இருக்கிறதென்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

மத்தியானப் படிப்பும் மாறிவிட்டது. அத்தை இப்போது குனிந்து எழுத்தைப் பார்த்துப் படித்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையும் விடவில்லை, ஆனாலும் கூடத்தில் சிரிப்பு குறைந்துபோனது. "முந்தியாட்டம் இல்லீங்க" என்று ஒருத்தி சொன்னாள். எதனால் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "எல்லாம் அந்தக் கண்ணாடியாலதான்" என்று முடித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் புது மருமகள் மட்டும், "எனக்கும் ஒருக்கா போட்டுக் காட்டுங்க" என்று கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, தலை சுற்றி உட்கார்ந்தாள். அவளுக்கு அதில் அப்படி ஒரு ஆசை.

நான்? எனக்குத் தொண்டையைச் செரும வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. முதல் நாள் காலையில் வழக்கம்போல் விறகுச் சார்ப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். அத்தை அந்தப் பக்கம் வந்தவள், "இனி உனக்குச் சிரமமில்லை சாமி, நீ போயி வெளையாடு" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஒரு குழந்தையின் தலையிலிருந்து பாரத்தை இறக்கிவிட்டதாக நினைத்தாள். லேபிளும் நின்றுபோனது. நான் கேட்கவும் இல்லை. அந்தக் கண்ணாடியை நான் வெறுத்த வெறுப்பு இருக்கிறதே, அப்படி ஒன்றை அதற்குப் பிறகு நான் யார்மேலும் கொண்டதில்லை.

நான்கைந்து நாள் பார்த்தேன். ஒரு சாயங்காலம் அத்தை தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். கண்ணாடி மாடத்தில் இருந்தது. எடுத்தேன். எங்கே வைப்பது? பெட்டி, பரண், அடுப்பு மேடை, எல்லாவற்றிலும் யாராவது கை வைப்பார்கள். பெண்கள் யாரும் போகாத இடம் வீட்டில் ஒன்றுதான் உண்டு. அப்பாவின் தறிக்குழியில் ஒரு மூலையில் பழைய துணி கிடந்தது. விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டி, அந்தத் துணிக்கு அடியில் செருகினேன். அப்பா அன்றைக்குச் சொசைட்டி வேலையாகச் சேலம் போயிருந்தார். ஒரு நாள் அத்தை தேடட்டும், ஒரே ஒரு நாள் என்னைப் படிக்கக் கூப்பிடட்டும், அப்புறம் எடுத்து வைத்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு. உடைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதுதான் உண்மை.

மறுநாள் காலையில் நான் எழுந்திருப்பதற்கு முன்பே அப்பா தறியில் உட்கார்ந்துவிட்டார். மிதிக்கட்டையில் ஏதோ தட்டுகிறது என்று அந்தத் துணியைக் காலால் தள்ளியிருக்கிறார். அவர் போட்ட சத்தத்தில்தான் நான் விழித்தேன். வலது உள்ளங்காலில் சில்லு ஆழமாக இறங்கியிருந்தது. குழிக்குள் ரத்தம். சித்தப்பா அவரைத் தூக்கி மேலே உட்கார வைத்தார். அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் குழிக்குள் கிடந்த வளைந்த கம்பியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அத்தையைப் பார்த்தாள்.

"தறிக்குழிக்குள்ள எதுக்கு அண்ணி எறங்குனீங்க?"

அத்தை குழியின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"கண்ணாடி தானா நடந்து போயி உள்ள உக்காந்துக்குமா? எறங்காத எடத்துல எறங்கி, இப்ப அவரு காலப் பாருங்க! அந்தச் சனியன் ஊட்டுக்குள்ள வந்தன்னைக்கே எனக்குத் தெரியும்."

நான் கதவு மறைவில் நின்றிருந்தேன். அத்தை தலையைத் திருப்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். கண்ணாடி இல்லாத கண்ணால் அவ்வளவு தூரத்தில் இருப்பதெல்லாம் அவளுக்கு நன்றாகவே தெரியும். வெள்ளெழுத்துக்காரர்களுக்குத் தூரத்துப் பார்வைக்குக் குறைவில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ. அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆமா. எட்டிப் பாத்தேன், உளுந்திருச்சு. எடுக்கறதுக்கு எறங்குனேன், இருட்டுல கெடைக்கல. தப்புத்தான்."

நான் சொல்ல வேண்டியிருந்தது "நாந்தான்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அப்பாவின் கால் சீழ் வைத்து ஆறுவதற்கு ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை ஒரு தறி நின்றது. அப்பா அத்தையைத் திட்டவில்லை. இந்த வீட்டுக்குள் இனி கண்ணாடி வரக் கூடாது என்று மட்டும் சொன்னார். வரிசை முழுக்க, படிக்கிற திமிரில் தறிக்குழியில் இறங்கியவள் என்று அத்தையைப் பற்றிப் பேச்சானது. கண்ணாடியைப் பற்றி முதலில் இருந்து சந்தேகப்பட்டவர்களுக்கெல்லாம், நான் சொன்னேன் பார்த்தாயா என்று ஒரு நிம்மதி.

அடுத்த நாள் காலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு விறகுச் சார்ப்புக்குப் போனேன். அத்தை வரவில்லை. தேடிப் போய், "அத்தை, படிக்கட்டா?" என்று கேட்டேன்.

"வேண்டாஞ் சாமி," என்றாள். குரலில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. "எனக்குத் தறிக்குழில எறங்கற பழக்கமில்லைன்னு உனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சா செரி."

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் ராட்டையோடு வந்து உட்கார்ந்தபோது அத்தை நடுவில் உட்காரவில்லை. ஓரமாக உட்கார்ந்து, "எனக்கும் ஒரு ராட்டையக் குடுங்க" என்றாள். யாரும் மறுக்கவில்லை. பத்திரிகை பக்கத்து வீட்டுப் புது மருமகள் கைக்குப் போனது. அவள் தட்டுத் தடுமாறிப் படித்தாள். பத்து நாளில் தேறிவிட்டாள். அத்தை தலையைக் குனிந்து, விரலாலேயே இழையைத் தடவிப் பார்த்துத் தார் சுற்றினாள். அறுந்தால் கண்ணால் பார்த்து முடிச்சுப் போட முடியாது. நாக்கு நுனியில் நூலை வைத்து முறுக்கி ஒட்டுவாள். பக்கம் திருப்புகிற இடம் வந்தபோது என்னை அறியாமல் தொண்டையைச் செருமிவிட்டேன். அத்தையின் ராட்டை ஒரு கணம் நின்று மறுபடி சுற்றியது.

பிறகு நான் படித்து, மேட்டூரில் வேலைக்குப் போனேன். முதல் காரியமாக அத்தைக்கு நல்ல கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்ணாடியைக் கொடுப்பது, உண்மையைச் சொல்வது என்று இரண்டு வேலை வைத்துக்கொண்டு போனேன். அப்போது வீட்டில் குழித்தறி இல்லை, குழியை மூடிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். என் மூக்கோரத்தைப் பார்த்து, மச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சிரித்தாள். பிறகு கழற்றி, கூட்டுக்குள் வைத்து மூடினாள்.

"நல்லாத் தெரியுது சாமி. ஆனா இனி யாருக்குப் படிக்கறது? எல்லா ஊட்லயும் ரேடியோப்பெட்டி பாடுது."

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. தொண்டை வரைக்கும் வந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்தை, போயிட்டு வாரேன்" என்றுதான் வெளியே வந்தது. அவள் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். எனக்குப் பார்வையின் நடுவில் மங்கல் விழுந்து இரண்டு வருஷமாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து தினமும் சாயங்காலம் காபி குடித்ததும் என் வீட்டுக்காரர் எனக்குப் படித்துக் காட்டுவார். செய்தித்தாள், நாவல், எதுவானாலும். ஏற்ற இறக்கமே கிடையாது, மீட்டர் கணக்கு வாசிக்கிற அதே குரல். காதல் வசனத்தையும் யூனிட் மாதிரிதான் படிப்பார். கண் நோயைப் பற்றிச் செய்தி வந்தால் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு மகன் எனக்கும் அந்தக் கருவி ஒன்றை அனுப்பினான். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வார்த்தைதான் நிற்கும், ஆனால் எனக்குத் தெரிகிறது. நானே படித்தேன். வாயைத் திறக்காமல் படித்தேன். அத்தையை மாதிரி காலையில் படித்தேன், அடுப்புப் பக்கம் படித்தேன். அவர் இரண்டு மூன்று தடவை, "என்ன கதை?" என்று கேட்டார். "சும்மா ஒரு கதைதானுங்க" என்றேன். எந்த வீட்டில் கேட்ட வசனம் இது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த வாரம்தான் அவர் டீக்கடை பெஞ்சில் பக்கத்தைத் திருப்புகிற சுகத்தைப் பற்றிப் பேசினார்.

பத்து நாளுக்கு முன்பு அதன் சார்ஜர் காணாமல் போனது. நான் மூன்று நாள் தேடினேன். அவரும் கூடவே தேடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்தெல்லாம் பார்த்தார். கருவி அணைந்துவிட்டது. நான்காம் நாள் சாயங்காலம் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, வேறு பேச்சு இல்லாததால், அத்தையின் கதையை அவரிடம் சொன்னேன். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவரிடம்கூடச் சொன்னதில்லை. எந்த நினைப்பும் இல்லாமல்தான் சொன்னேன், சத்தியமாக.

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். ஆபீசுக்கு எடுத்துப் போன பழைய டிபன் டப்பாவோடு வந்தார். திறந்தார். உள்ளே சார்ஜர் வயரைச் சுருட்டி வைத்திருந்தார்.

"நாந்தான் எடுத்து வெச்சேன்," என்றார்.

ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக என் வாயில் வராத வார்த்தை, அந்த மனுஷனுக்கு ஒரு காபி ஆறுவதற்குள் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. திட்டினேன். "ஏனுங்க, எழுவது வயசுல இதென்னங்க புத்தி? மூணு நாளு என்னைக் கட்டிலுக்கு அடியில உருள உட்டுட்டு, நீங்களும் கூட உருண்டீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா?" என்று ஆரம்பித்து, மின்வாரியத்தில் இருந்தபோது செய்தது, மகன் கல்யாணத்தில் செய்தது என்று ஒன்று விடாமல் இழுத்து வைத்துத் திட்டினேன். பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்தார்கள். அவர் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

மூச்சு வாங்கி நான் நிறுத்தியதும், "முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுதுங்க."

"செரி. எங்க உட்டோம்?" என்று பழைய நாவலை எடுத்துப் பிரித்து, மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கி, அதே மீட்டர் குரலில் படிக்க ஆரம்பித்தார். கருவி பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கதை காதில் ஏறவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு வாங்கி முடித்தவனின் நிம்மதி அந்த முகத்தில் என் மங்கல் கண்ணுக்கே அப்படித் தெரிந்தது. என் அத்தை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை உட்கார வைத்து அப்படித் திட்டியிருக்கலாம்.